யார் கேட்கலாம், யார் பார்க்கலாம்: கலிஃபோர்னியாவில் ஓர் எல்ஜிபிடி ஒப்பந்ததாரரின் பதிவு குறித்த நிகழ்வு ஆய்வு

கலிஃபோர்னியாவில் மின்சாரம் விநியோகிக்கும் தனியார் நிறுவனம் ஒன்றின் கொள்முதல் பிரிவில், பன்முக ஒப்பந்ததாரர் திட்டத்தை (வாய்ப்புக் குறைந்த பிரிவினர் நடத்தும் தொழில்களிடமிருந்தும் கொள்முதல் செய்வதற்கான திட்டம்) கவனிக்கும் குழுவில் நான் பணியாற்றியபோது கையாண்ட நிகழ்வு இது. ஒரு சிறு தொழில் நிறுவனம், அதன் மூன்று பங்குதாரர்கள், எங்கள் அலுவலகம், ஒரு பெரிய ஒப்பந்ததாரர் ஆகியோர் இதில் வருகிறார்கள். எவர் பெயரையும் தரவில்லை. அடையாளம் தெரியாதிருக்க ஊரையும் வேறு சில விவரங்களையும் தவிர்த்திருக்கிறேன்.

இத்தகைய திட்டங்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் சதவீத இலக்குகளே முன்னால் வருகின்றன. இந்த நிகழ்வு எனக்குக் காட்டியது வேறொன்று. ஒருவருடைய அந்தரங்கத்துக்குச் சான்று கேட்கிறோம் என்றால், அந்தச் சான்று யார் கைக்குப் போகிறது, யார் கண்ணில் படுகிறது என்பதைப் பொறுத்தே அவர் முன்வருவார் அல்லது ஒதுங்கிப் போவார். எல்ஜிபிடி உரிமையாளர்களை, அதாவது தன்பால் அல்லது இருபால் ஈர்ப்பு கொண்டவர்களையும் திருநரையும், பொறுத்தவரை இதுதான் முதல் கேள்வி. மற்றதெல்லாம் பிறகு.

பின்னணி

1986இல் மாநிலச் சட்டமன்றத்தின் கீழவையான அசெம்பிளியின் உறுப்பினர் க்வென் மூர் கொண்டுவந்த 3678ஆம் மசோதா சட்டமானது. மின்சாரம், எரிவாயு, தொலைபேசித் துறைகளில் உள்ள பெரிய நிறுவனங்கள், சிறுபான்மை இனத்தவரும் பெண்களும் நடத்தும் தொழில்களிடமிருந்து கொள்முதல் செய்யத் திட்டம் வகுத்து, ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும் என்றது அந்தச் சட்டம். அதை நடைமுறைப்படுத்த மாநிலத்தின் பொதுப் பயன்பாடுகள் ஆணையம் 1988இல் பொது ஆணை 156ஐப் பிறப்பித்தது. மொத்தக் கொள்முதலில் சிறுபான்மையினர் தொழில்களுக்கு 15 சதவீதம், பெண்களுடைய தொழில்களுக்கு 5 சதவீதம் என்று இலக்கு வைக்கப்பட்டது. உடல் ஊனமுற்ற முன்னாள் படைவீரர்களின் தொழில்களுக்கான 1.5 சதவீதம் பின்னர் சேர்ந்தது. ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 1ஆம் தேதிக்குள் முந்தைய ஆண்டின் கணக்கு ஆணையத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

இவை இலக்குகள்தாம், ஒதுக்கீடு அல்ல. எந்த வேலையை யாருக்குத் தருவது என்று தீர்மானிக்கும் உரிமை நிறுவனத்திடமே இருக்கிறது என்று ஆணையே சொல்கிறது. 1996இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய முன்மொழிவு 209, அரசு அமைப்புகள் இனமும் பாலினமும் பார்த்து ஒப்பந்தங்களில் முன்னுரிமை தருவதைத் தடுத்தது. அதன் பிறகும் இந்தத் திட்டம் நடந்துவருகிறது என்றால், இந்த நிறுவனங்கள் தனியாருக்குச் சொந்தமானவை, ஆணையில் ஒதுக்கீடு எதுவும் இல்லை என்பவை அதற்கு முக்கியக் காரணங்கள். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. பதிவு செய்ய வரும் சிறு தொழில் முனைவோரில் பலர், சான்றிதழ் கிடைத்தால் வேலை கிடைத்துவிடும் என்று நம்பி வருகிறார்கள். அந்த நம்பிக்கையை முதல் நாளே திருத்தாவிட்டால் பிறகு கசப்புதான் மிஞ்சும்.

அசெம்பிளி உறுப்பினர் ரிச் கார்டன் கொண்டுவந்த 1678ஆம் மசோதாவில் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் 2014 செப்டம்பரில் கையெழுத்திட்டார். அதன்படி 2015 ஜனவரி முதல் எல்ஜிபிடி தொழில்களும் இந்தத் திட்டத்துக்குள் வந்தன. சரிபார்ப்பு எப்படி நடக்கும் என்பதை ஆணையம் 2015 ஜூனில் ஒரு முடிவின் மூலம் வகுத்தது. 2002இல் தொடங்கப்பட்ட தேசிய எல்ஜிபிடி வணிகச் சங்கம் வழங்கும் சான்றிதழை ஆணையத்தின் சரிபார்ப்பு மையம் ஏற்றுக்கொள்ளும் என்பது ஏற்பாடு. சதவீத இலக்கு எதுவும் அப்போது வைக்கப்படவில்லை. இந்தப் பிரிவில் எத்தனை தொழில்கள் இருக்கின்றன, என்னென்ன வேலை செய்கின்றன என்ற தரவே கையில் இல்லாதபோது இலக்கு வைப்பது அர்த்தமற்றது என்பதால் எனக்கு அது நியாயமாகவே பட்டது. ஆனால் இலக்கு இல்லாத பிரிவுக்கு அலுவலகங்களில் என்ன கதி நேரும் என்பதைப் பின்னால் பார்த்தோம்.

நிறுவனமும் உரிமையாளர்களும்

கலிஃபோர்னியாவின் உட்பகுதியில் உள்ள வேளாண் சமவெளியான சென்ட்ரல் வேலிப் பகுதியில் இயங்கும் சிறு நிறுவனம். மின்கம்பம் மாற்றும்போதும் சாலையைத் தோண்டிக் கேபிள் பதிக்கும்போதும் வாகனங்களைத் திருப்பிவிடுவது அவர்கள் தொழில். ஆரஞ்சுக் கூம்புகள் வைப்பது, எச்சரிக்கைப் பலகைகள் நிறுத்துவது, கையில் பலகையுடன் நின்று வண்டிகளை நிறுத்தி அனுப்புவது என்று வெளியிலிருந்து பார்த்தால் எளிதாகத் தெரியும். உண்மையில் ஒவ்வொரு வேலைக்கும் மாநிலக் கையேட்டின்படி போக்குவரத்துத் திட்ட வரைபடம் வேண்டும். பலகை பிடித்து நிற்பவருக்கு மாநிலத் தொழிலாளர் பாதுகாப்பு விதிகளின்படி பயிற்சி வேண்டும்.

பங்குதாரர்கள் மூன்று பேர். முதல் இருவரும் வாழ்க்கைத் துணைவர்கள், இருவரும் ஆண்கள். ஆளுக்கு 30 சதவீதம் பங்கு. மூன்றாமவர் அவர்களுடைய பழைய மேஸ்திரி. லாரிகளும் காலி மனையும் அவருடைய முதலீடு, 40 சதவீதம். மூவரும் வெள்ளையர்கள். யாரும் படையில் இருந்தவர்கள் அல்லர். எனவே 2015க்கு முன்பிருந்த எந்தப் பிரிவிலும் இந்த நிறுவனம் அடங்காது.

முதலாமவர் டெண்டர், வங்கி, கணக்கு ஆகியவற்றைப் பார்த்துக்கொண்டார். தான் தன்பால் ஈர்ப்பாளர் என்பதை அவர் யாரிடமும் மறைத்ததில்லை. இரண்டாமவர் களத்தில் ஆட்களைப் பிரித்து அனுப்புபவர். அவருக்கு அது பொதுவெளியில் தெரிய வேண்டாம். மூன்றாம் பங்குதாரருக்கும் நெருங்கிய சிலருக்கும் மட்டும் தெரியும்.

அவருடைய தயக்கத்தைக் கோழைத்தனம் என்று எண்ணுபவர்களுக்கு ஒரு விவரம் சொல்ல வேண்டும். 2008இல் ஒரே பாலினத்தவர் திருமணத்தைத் தடைசெய்யும் முன்மொழிவு 8 மாநிலம் முழுவதும் சுமார் 52 சதவீத வாக்குகளுடன் நிறைவேறியது. ஆனால் சென்ட்ரல் வேலியின் கெர்ன், துலாரி கவுன்ட்டிகளில் (மாவட்டங்களில்) ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் அந்தத் தடையை ஆதரித்து வாக்களித்தார்கள். அந்தத் தடை விலகி, 2013 ஜூனில் திருமணங்கள் மீண்டும் தொடங்கின. சட்டம் மாறியது, வாக்களித்த அண்டைவீட்டார் மாறவில்லை. சான்பிரான்சிஸ்கோவில் 1974இலேயே எல்ஜிபிடி வணிகர்கள் சங்கம் அமைத்துவிட்டார்கள் என்பது உண்மைதான். அங்கிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஊரில், விடியற்காலையில் லாரி ஏறும் ஆட்களுக்கு முதலாளியாக இருப்பவரின் நிலை வேறு.

முதல் சந்திப்பில் தெரியவந்தவை

ஒப்பந்ததாரர்களுக்காக நாங்கள் நடத்திய அறிமுகக் கூட்டத்துக்குப் பிறகு முதலாமவர் தனியே வந்து பேசினார். புதிய பிரிவில் சேர முடியுமா என்று கேட்டார். சான்றிதழுக்கான அடிப்படை விதி, தொழிலின் 51 சதவீதமாவது எல்ஜிபிடி நபர்களுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும் என்பது. நிர்வாகமும் கட்டுப்பாடும் அவர்கள் கையிலேயே இருக்க வேண்டும். துணைவர்கள் இருவரும் விண்ணப்பித்தால் 60 சதவீதம், தகுதி உண்டு. முதலாமவர் மட்டும் என்றால் 30 சதவீதம்தான். ஆக, ஒருவருடைய விருப்பம் மற்றவருடைய அந்தரங்கத்தின் மேல் நின்றது.

எங்கள் பக்கத்திலும் ஒரு கோளாறு தென்பட்டது. நாங்கள் பயன்படுத்திய பதிவுப் படிவம் மற்ற பிரிவுகளுக்காக வடிவமைக்கப்பட்டது. சிறுபான்மை உரிமையாளர் என்றால் எந்த இனம் என்று ஒரு துணைக் கேள்வி அதில் உண்டு, ஆணையத்துக்குத் தரும் அறிக்கைக்கு அது தேவை. யாரோ அதே அச்சில் எல்ஜிபிடி பிரிவுக்கும் ஒரு துணைக் கேள்வியைச் சேர்த்திருந்தார்கள்: உரிமையாளர் இவற்றில் யார் என்று நான்கு கட்டங்கள். அந்தத் தகவல் எந்த அறிக்கைக்கும் தேவைப்படாது. படிவம் நிரப்பப்பட்டதும் கொள்முதல் மென்பொருளுக்குள் போகும். டெண்டர் அனுப்பும் ஒவ்வோர் அலுவலரும் அதைத் திறந்து பார்க்கலாம். முதலாமவர் அந்தக் கட்டங்களைச் சுட்டிக்காட்டி, இதை எத்தனை பேர் பார்ப்பார்கள் என்று கேட்டார். எங்களிடம் துல்லியமான விடை இருக்கவில்லை.

பரிசீலித்த வழிகள்

பங்குகளை மாற்றிவிடலாமே என்பது எல்லோருக்கும் உடனே தோன்றிய வழி. இரண்டாமவர் தம் பங்கில் பெரும்பகுதியை முதலாமவருக்கு எழுதிக்கொடுத்தால், முதலாமவர் ஒருவரே 51 சதவீதத்தைத் தாண்டிவிடுவார். அவர்களுடைய கணக்காளரும் இதையே சொல்லியிருந்தார். நாங்கள் இதை ஊக்குவிக்கவில்லை. பங்கு காகிதத்தில் மட்டும் மாறி, வேலையும் முடிவுகளும் பழையபடியே இருந்தால் அது பொய்யான உரிமைக் கணக்கு. பொய்யான தகவல் தந்து இந்தப் பிரிவுகளில் சேர்வது மாநிலச் சட்டப்படி தண்டனைக்குரியது. உண்மையாகவே மாற்றினாலோ, களத்தில் உடலை வருத்தி உழைக்கும் மனிதர் ஒரு சான்றிதழுக்காகத் தம் சொத்தை விட்டுக்கொடுத்தவர் ஆகிறார்.

அதற்கும் மேலாக, அந்த வழி அவரை மறைக்கவும் உதவாது. தான் எல்ஜிபிடி என்பதற்கு முதலாமவர் காட்டக்கூடிய சான்றுகள் என்ன? திருமணச் சான்று, கூட்டு வங்கிக் கணக்கு, இருவர் பெயரிலும் உள்ள வீட்டுக் கடன் பத்திரம், தெரிந்தவர்கள் எழுதித்தரும் கடிதம். கடிதத்தைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் துணைவரின் பெயர் இருக்கிறது. இவர்கள் கலிஃபோர்னியச் சட்டம் அனுமதிக்கும் இரகசியத் திருமண உரிமம் பெற்று மணந்தவர்கள். அந்தப் பதிவை வெளியார் யாரும் கவுன்ட்டி அலுவலகத்தில் கேட்டுப் பார்க்க முடியாது. அவ்வளவு கவனமாகக் காத்த ஆவணத்தைத்தான் முதல் சான்றாகக் கேட்கும் நிலை வந்தது.

மற்றொரு யோசனை, நேரடியாக எங்களிடமே ஓர் உறுதிமொழி எழுதித்தந்துவிட்டால் போதாதா என்பது. எளிமையானதுதான். ஆனால் மற்ற பிரிவினர் மூன்றாம் தரப்புச் சரிபார்ப்புக்கு உட்படும்போது இந்தப் பிரிவுக்கு மட்டும் சொந்த உறுதிமொழி போதும் என்றால், ஏற்கெனவே சந்தேகக் கண்ணோடு பார்ப்பவர்களுக்கு அது வாய்ப்பாகிவிடும். பொய்யாகச் சேர்பவர்கள் வந்தால் பாதிக்கப்படுவது உண்மையான எல்ஜிபிடி தொழில்கள்தாம். ஆணையத்தின் முடிவும் அதற்கு இடம் தரவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில் எடுத்த முடிவு, அவர்களை எந்த வகையிலும் வற்புறுத்துவதில்லை என்பது. எங்கள் மேலதிகாரிகளில் ஒருவருக்கு இதில் வருத்தம். புதிய பிரிவில் காட்டுவதற்கு ஆட்களே இல்லாத நேரம் அது. தகுதியுள்ள ஒரு நிறுவனம் வாசல்வரை வந்து நிற்கிறது, விடலாமா என்றார். ஆனால் எங்கள் அறிக்கையை நிரப்புவதற்காக ஒருவர் தம் ஊரில் இழப்பைச் சந்திக்க வேண்டும் என்று கேட்க எங்களுக்கு உரிமை இல்லை. பிரிவு எதுவும் குறிப்பிடாமல் சாதாரணச் சிறு தொழிலாக அவர்களைப் பதிவு செய்து, அந்தப் பகுதி வேலைகளுக்கான அழைப்புப் பட்டியலில் சேர்த்தோம்.

அடுத்து, எங்கள் வீட்டைச் சுத்தம் செய்தோம். நான்கு கட்டங்கள் கொண்ட அந்தத் துணைக் கேள்வியைப் படிவத்திலிருந்து நீக்கினோம். எல்ஜிபிடி பிரிவில் சேர்பவரிடமிருந்து சான்றிதழ் எண்ணும் அது காலாவதியாகும் தேதியும் மட்டுமே போதும் என்று மாற்றினோம். தனிப்பட்ட ஆவணம் எதையும் எங்கள் அலுவலகம் கேட்கக் கூடாது. யாராவது தாமாக அனுப்பினாலும் சேமிக்காமல் அழித்துவிட வேண்டும் என்று எழுத்தில் வைத்தோம். சட்டப் பிரிவினர் இதை உடனே ஏற்றார்கள். தகவல் தொழில்நுட்பப் பிரிவில்தான் இழுபறி. பழைய மென்பொருளில் ஒரு புலத்தை (தகவல் நிரப்பும் இடத்தை) நீக்கினால் ஆண்டறிக்கை அட்டவணை குலையும் என்றார்கள். கடைசியில் புலம் இருக்கட்டும், திறக்காதிருக்கட்டும் என்று முடிந்தது.

பிறகு ஒரு பக்கத் தாள் ஒன்றைத் தயாரித்தோம். இந்த நிகழ்வில் நாங்கள் செய்தவற்றுள் மிகவும் பயன்பட்டது அதுதான் என்பது என் கணிப்பு. இடப்பக்கம் ஆவணங்களின் பட்டியல்: திருமணச் சான்று, வங்கிக் கணக்கு, பரிந்துரைக் கடிதம், நிறுவனத்தின் உள் ஒப்பந்தம், வரிக் கணக்கு, நேரில் பார்வையிட்டவரின் குறிப்பு. எதிரே மூன்று பத்திகள்: யார் பார்ப்பார்கள், எங்கே இருக்கும், எங்கள் நிறுவனத்துக்கு வருமா. எல்லா வரிகளிலும் கடைசிப் பத்தியில் ‘வராது’. ஒரே ஒரு வரி, ஆகக் கடைசி வரி மட்டும் வேறு: நிறுவனத்தின் பெயரும் பிரிவும் சரிபார்ப்பு மையத்தின் தரவுத்தளத்தில் இடம்பெறும், யாரும் தேடிப் பார்க்கலாம்.

அந்தத் தாளை முதலாமவரிடம் கொடுத்தனுப்பினோம். பதிலுக்காகத் துரத்தவில்லை.

ஏறத்தாழ ஓராண்டுக்குப் பிறகு இருவரும் சேர்ந்தே வந்தார்கள். இரண்டாமவரை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. தாள் நான்காக மடிந்து, மடிப்புகள் நைந்துபோயிருந்தது. கடைசி வரியின்மேல் விரலை வைத்து, இதில் என் பெயர் வருமா, நிறுவனத்தின் பெயர் மட்டும்தானா என்று கேட்டார். தேடுபவர் நிறுவனத்தின் பெயரோடு தொடர்பு கொள்ள வேண்டியவரின் பெயரையும் பார்ப்பார், அது முதலாமவராக இருக்கலாம் என்றோம். ஆனால் ஊர்க்காரர் ஒருவர் நிறுவனத்தின் பெயரைத் தேடினால் விஷயத்தை ஊகித்துக்கொள்ள மாட்டார் என்று எங்களால் உறுதி சொல்ல முடியாது என்பதையும் சேர்த்தே சொன்னோம். அதை மறைத்திருந்தால் அவர் அன்றே கையெழுத்திட்டிருக்கலாம். சொன்னதால் இன்னும் சில வாரங்கள் எடுத்துக்கொண்டார். அந்த இடைவெளியில் தம் அக்காவிடமும் நீண்ட காலமாக உடனிருக்கும் இரண்டு மேற்பார்வையாளர்களிடமும் தாமே சொல்லிவிட்டதாகப் பின்னர் தெரிவித்தார். மற்றவர்கள் மூலம் அவர்களுக்குத் தெரியவருவதை அவர் விரும்பவில்லை.

சான்றிதழ் பெற்ற விதம்

இருவரும் விண்ணப்பித்தார்கள். உள்ளூர்க் கிளைச் சங்கத்தில் உறுப்பினரானதால் சான்றிதழ்க் கட்டணம் தள்ளுபடியாயிற்று. அந்தரங்கச் சான்றுகள் எந்தச் சிக்கலும் இல்லாமல் ஏற்கப்பட்டன. தடை வந்தது யாரும் எதிர்பாராத இடத்திலிருந்து. நிறுவனத்தின் உள் ஒப்பந்தத்தில், குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட எந்த வேலையையும் மூன்று பங்குதாரர்களும் ஒருமனதாக ஒப்புக்கொண்டால்தான் எடுக்கலாம் என்று ஒரு விதி இருந்தது. இணையத்தில் கிடைத்த மாதிரிப் படிவத்திலிருந்து அப்படியே எடுத்ததாம். அதன்படி 40 சதவீதம் வைத்திருப்பவர் எந்தப் பெரிய முடிவையும் தடுக்க முடியும். அப்படியானால் 60 சதவீதம் வைத்திருப்பவர்களிடம் கட்டுப்பாடு இருப்பதாகச் சொல்ல முடியாது.

மூன்றாமவர் அந்த விதியை எடுத்துவிடச் சம்மதித்தார். ஆனால் தம் லாரிகளை அடமானம் வைக்கும் முடிவுக்கு மட்டும் தம் ஒப்புதல் வேண்டும் என்றார். நியாயமான கோரிக்கை, அது நிர்வாகக் கட்டுப்பாட்டைப் பாதிக்காது என்று ஏற்கப்பட்டது. நேரில் பார்வையிட வருபவர் வேலையாட்கள் இல்லாத ஞாயிற்றுக்கிழமையில் வந்தார். இரண்டாமவர் கேட்டுக்கொண்டபடி அது நடந்தது. கேட்டால் செய்துதருவார்கள் என்பதே பல விண்ணப்பதாரர்களுக்குத் தெரிவதில்லை.

ஜூன் மாத மின்னஞ்சல்

சான்றிதழ் எண் எங்கள் பதிவேட்டில் ஏறிய சில மாதங்களில், எங்கள் நிறுவனத்தின் செய்தித் தொடர்புப் பிரிவிலிருந்து அவர்களுக்கு நேரடியாக ஒரு மின்னஞ்சல் போயிருக்கிறது. எல்ஜிபிடி மக்கள் ஜூனில் கொண்டாடும் பெருமித மாதத்தையொட்டி வெளியிடும் கட்டுரைக்கு உரிமையாளர்கள் இருவரும் சேர்ந்து நிற்கும் படம் வேண்டும் என்று அதில் கேட்கப்பட்டிருந்தது. எழுதியவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. மகிழ்ச்சியோடுதான் எழுதியிருந்தார். ஆனால் அந்த மின்னஞ்சல் போனது நிறுவனத்தின் பொது முகவரிக்கு. அதை அலுவலக உதவியாளரும் திறப்பார்.

இரண்டாமவர் பதிவை நீக்கிவிடச் சொன்னார். அவரைக் குறைசொல்ல எங்களிடம் வார்த்தை இல்லை. படிவத்தைத் திருத்தினோம், தாளை எழுதினோம். பட்டியலையே எடுத்துப் பயன்படுத்தக்கூடிய மற்றொரு பிரிவு அடுத்த மாடியில் இருப்பதைக் கணக்கில் எடுக்கவில்லை. பதிவுக்குத் தந்த சம்மதம் விளம்பரத்துக்கான சம்மதம் ஆகாது என்று அன்று மாலையே நிர்வாகத்துக்கு எழுதினோம். எல்ஜிபிடி பிரிவின் பட்டியல் செய்தித் தொடர்புப் பிரிவுக்குத் தரப்படாது. படமோ பேட்டியோ வேண்டுமானால் எங்கள் குழு வழியாக மட்டுமே, தொலைபேசியில், உரிமையாளரிடமே கேட்க வேண்டும் என்ற விதி வந்தது. பிரிவின் தலைவர் அவர்களைத் தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்டார். பதிவு நீக்கப்படவில்லை. ஆனால் அதன் பிறகு எங்கள் கூட்டங்களுக்கு இரண்டாமவர் வந்ததில்லை.

முதல் டெண்டரும் துணை ஒப்பந்தமும்

அவர்கள் கலந்துகொண்ட முதல் நேரடி டெண்டரில் தோற்றார்கள். விலை சரியாகத்தான் இருந்தது. இரண்டு இடங்களில் இடறியது. பொறுப்புக் காப்பீட்டுத் தொகை பெரிய கட்டுமான நிறுவனங்களுக்கான அளவில் கேட்கப்பட்டிருந்தது. கூம்பு வைக்கும் நிறுவனம் அந்தக் காப்பீட்டை வாங்கினால் இலாபம் முழுவதும் அதற்கே போய்விடும். மற்றது பாதுகாப்பு முன்தகுதி. தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீட்டில் விபத்து வரலாற்றை வைத்து ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஓர் எண் கணக்கிடுவார்கள். ஒன்று என்றால் சராசரி, அதற்குக் குறைவென்றால் நல்லது. போதிய வரலாறு சேராத சிறு நிறுவனங்களுக்கு அந்த எண்ணே வழங்கப்படாது. எங்கள் முன்தகுதி மென்பொருளோ, எண் இல்லாத கட்டத்தைத் தகுதியின்மை என்று எடுத்துக்கொண்டது. ஒரு விபத்தும் நேராத நிறுவனம், விபத்துக் கணக்கு இல்லாத காரணத்தால் வெளியே நின்றது.

இதில் எல்ஜிபிடி என்பதற்கு எந்தப் பங்கும் இல்லை. சிறிய நிறுவனங்கள் எல்லாவற்றையும் வாட்டும் தடை இது. ஆனாலும் இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இரண்டாமவர் தம் அந்தரங்கத்தை விலையாகத் தந்து பெற்ற சான்றிதழ், இந்தக் கட்டத்தின் முன் ஒரு பயனும் தரவில்லை. எங்கள் குழு செய்ய முடிந்தது, எண் இல்லாத நிறுவனங்கள் காப்பீட்டு நிறுவனத்தின் கடிதத்தையும் மூன்றாண்டு விபத்துப் பதிவேட்டையும் தரலாம் என்று பாதுகாப்புப் பிரிவை ஒப்புக்கொள்ள வைத்தது. காப்பீட்டுத் தொகையை வேலையின் அபாயத்துக்கு ஏற்ப நிர்ணயிப்பதற்கு இன்னும் அதிக காலம் பிடித்தது.

இதற்கிடையே, மின்கம்பம் மாற்றும் பெரிய ஒப்பந்ததாரர் ஒருவரிடம் அவர்களை அறிமுகப்படுத்தினோம். பெரிய ஒப்பந்ததாரர்கள் துணை ஒப்பந்தமாகத் தரும் வேலையும் பொது ஆணை 156இன் கணக்கில் சேரும். ஒரு பகுதியில் சோதனையாகத் தொடங்கி, பிறகு தொடர்ந்து வேலை வந்தது. வேலையில் குறை எழவில்லை. பணம் வருவதில்தான் குறை. ஆட்களுக்கு வாரந்தோறும் சம்பளம் தர வேண்டும். பெரிய ஒப்பந்ததாரரோ நாங்கள் பணம் தந்த பிறகே பில்லைத் தீர்ப்பார், இரண்டு மாதங்களுக்கு மேலும் இழுக்கும். முதலாமவர் வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கிச் சம்பளம் போட்டார். வேலை கூடக் கூடக் கடனும் கூடியது. விஷயம் எங்களுக்குத் தெரிந்தபோது, சிறு துணை ஒப்பந்ததாரர்களுக்குப் பில் கிடைத்த 15 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்று அடுத்த ஒப்பந்தப் புதுப்பிப்பில் நிபந்தனை சேர்த்தோம். அந்த நிபந்தனை வந்த பிறகுதான் அவர்கள் இன்னொரு லாரி வாங்கினார்கள்.

2022க்குப் பிறகு

இலக்கு இல்லாத ஆண்டுகளில் எல்ஜிபிடி பிரிவு ஆண்டறிக்கையில் ஒரு வரியாக மட்டும் இருந்தது. காலாண்டுக் கூட்டங்களில் இலக்கு உள்ள பிரிவுகளைப் பற்றித்தான் கேள்வி வரும். கேள்வி வராத வரிக்கு யாரும் ஆள் தேடுவதில்லை. கெட்ட மனத்தால் நடப்பதல்ல இது, அலுவலகத்தின் இயல்பு.

2022 ஏப்ரலில் ஆணையம் எல்ஜிபிடி தொழில்களுக்கும் இலக்கு வைத்தது: 2022க்கு 0.5 சதவீதம், 2023க்கு 1 சதவீதம், 2024க்கு 1.5 சதவீதம். அதே முடிவில் மாற்றுத்திறனாளிகளின் தொழில்களும் திட்டத்துக்குள் வந்தன. சில மாதங்களுக்குள் மாற்றம் தெரிந்தது. அதுவரை எங்கள் அழைப்புக்குப் பதில் தராத பெரிய ஒப்பந்ததாரர்கள் தாங்களே பெயர் கேட்டு அழைத்தார்கள். இந்த நிறுவனத்துக்கும் வேறு இரண்டு பேரிடமிருந்து வேலை வந்தது. இலக்குகளை வெறும் எண் என்று இகழ்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

கூட்டங்களில் ஒரு கவலையும் எழுந்தது. பிரிவுகள் கூடக் கூட, நீண்ட காலம் போராடி இடம்பெற்ற கறுப்பின, லத்தீன் இனத்தவரின் தொழில்களுக்குப் போகும் பங்கு குறையுமோ என்பது அது. புறந்தள்ளக் கூடாத கேள்வி. புதிய இலக்கு பழைய இலக்குகளுக்குள்ளிருந்து எடுக்கப்பட்டதல்ல, கூடுதலாக வைக்கப்பட்டது என்பது விதியளவில் பதில். அலுவலர்களின் கவனம் மாறிப்போகிறதா என்பதற்கு விதியில் பதில் கிடையாது. ஒவ்வொரு பிரிவின் கணக்கையும் தனித்தனியே ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

மாற்ற வேண்டியவை

இதே நிலை மீண்டும் வந்தால், யார் எதைப் பார்ப்பார்கள் என்ற தாள் அறிமுகக் கூட்டத்திலேயே எல்லோர் கையிலும் இருக்க வேண்டும். தனியே வந்து கேட்பவருக்கு மட்டும் தருவது என்றால், கேட்கத் துணியாதவர்கள் அப்படியே போய்விடுகிறார்கள். இந்த நிகழ்வில் முதலாமவர் துணிந்து கேட்டதால்தான் மற்றவை நடந்தன.

உள் ஒப்பந்த விதிகளைச் சான்றிதழ் விண்ணப்பத்துக்கு முன்பே ஒரு வழக்கறிஞர் பார்த்துவிட வேண்டும். ஒருமனதான ஒப்புதல் கேட்கும் விதி மிகப் பரவலாக இருக்கிறது. அதை எழுதியவர்களுக்கே அது இருப்பது நினைவில் இருப்பதில்லை. காப்பீடு, முன்தகுதி, பணம் தரும் கால அளவு ஆகிய மூன்றையும் பதிவுக்கு முன்பே பேசிவிட வேண்டும். இவற்றைத் தாண்ட முடியாத நிறுவனத்திடம் அந்தரங்கச் சான்று எடுத்துவரச் சொல்வது முறையல்ல.

சரிபார்ப்பு மையத்தின் தரவுத்தளம் எல்லோருக்கும் திறந்திருப்பது பற்றி எனக்கு இன்னும் முடிவான கருத்து இல்லை. திறந்திருந்தால்தான் பெரிய ஒப்பந்ததாரர்கள் தேடி வருவார்கள். இந்த நிறுவனத்துக்கு 2022க்குப் பிறகு வந்த வேலை அப்படி வந்ததுதான். பிரிவு விவரத்தைப் பதிவு பெற்ற கொள்முதலாளர்கள் மட்டும் பார்க்கும்படி வைக்கலாம் என்று நாங்கள் எழுத்தில் ஒரு யோசனை தந்தோம்.

இப்போது மீதமிருக்கும் ஓட்டை பெரிய ஒப்பந்ததாரர்களிடம் இருக்கிறது. அவர்கள் தங்கள் துணை ஒப்பந்ததாரர்களின் பட்டியலை, யார் எந்தப் பிரிவு என்ற விவரத்தோடு, ஒரு விரிதாளில் இட்டுக் களப் பொறியாளர்கள் வரை எல்லோருக்கும் அனுப்புகிறார்கள். பிரிவு விவரம் கணக்குப் பிரிவைத் தாண்டிப் போகக் கூடாது என்று ஒரு நிபந்தனை வாசகத்தை ஒப்பந்தங்களில் சேர்க்கத் தயாரித்திருக்கிறோம். இந்த நிறுவனத்துக்கு முதலில் வேலை தந்த ஒப்பந்ததாரர் அதில் கையெழுத்திட்டுவிட்டார். மற்ற இருவரிடமிருந்து பதில் வரவில்லை. அவர்களுடைய ஒப்பந்தங்கள் புதுப்பிக்கப்படும்போது அந்த வாசகம் இல்லாமல் கையெழுத்திடுவதில்லை என்று எங்கள் கொள்முதல் பிரிவு முடிவு செய்திருக்கிறது.